ஐந்து பேருக்கு ஒரு போன்: நடுகல் விளையாட்டை ஆப்பாகச் செய்வதா, பிரவுசரிலா?

பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சர் ஒருவர் என்னிடம் ஒரு வேலை கேட்டார். "தம்பி, வருஷா வருஷம் பிள்ளைங்கள தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போய் நடுகல் காட்டுறேன். ரெண்டு நிமிஷம் பார்ப்பாங்க, அப்புறம் ஐஸ் வண்டிகிட்ட ஓடிடுவாங்க. கல்லு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் நிக்கிற மாதிரி போன்ல ஏதாச்சும் விளையாட்டு செஞ்சு தர முடியுமா?"

சின்ன வேலைபோல இருந்தது. எந்த வடிவில் செய்வது என்று முடிவெடுக்கவே ஒரு மாதம் பிடித்தது. பள்ளி, நூலகம், ஊர் வரலாற்றுக் குழு என்று இப்படி ஒரு போன் விளையாட்டு செய்ய நினைக்கிறவர்கள் எல்லோரும் இதே கேள்விகளில்தான் முட்டிக்கொள்வார்கள். நான் எதை எதோடு ஒப்பிட்டேன், எதைக் கைவிட்டேன், ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் கல். பழைய தகடூர் நாடான தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நடுகல் இல்லாத திசையே இல்லை என்று சொல்லலாம். வயல் வரப்பில் நிற்கும், ஏரிக்கரையில் நிற்கும், சில ஊர்களில் வேடியப்பன் என்று பெயர் பெற்றுப் பூசையும் வாங்கிக்கொள்ளும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் பலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் செத்தவர்களின் கற்கள். மந்தைக்கு அந்தக் கல்வெட்டுகளில் 'தொறு' என்று பெயர். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கும்போது 'பட்டான்' (இறந்தான்) என்று நாலைந்து வரியில் ஒரு சாவு எழுதியிருக்கும். பழைய கற்களில் எழுத்து வட்டெழுத்து, அதாவது வளைவுகள் நிறைந்த பழந்தமிழ் எழுத்து. பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்றில் வீரனோடு கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நின்று கேட்கும். ஆனால் கல்லைப் பார்த்தால் அது தெரியாது. தேய்ந்த கோடுகள்தான் தெரியும். அந்தக் கோட்டுக்கும் கதைக்கும் நடுவே போன் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி.

அடுத்தது ஆட்கள். 40 பிள்ளைகள். யாரிடமும் போன் கிடையாது. டீச்சர்களும் கூட வரும் பெற்றோர்களும் சேர்ந்தால் 8 போன் தேறும். அதாவது ஐந்து பேருக்கு ஒன்று. அவையும் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே வாங்கிய ஆண்ட்ராய்டு போன்கள், வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களால் நிரம்பியவை. கிட்டத்தட்ட எல்லா முடிவையும் எனக்காக எடுத்தது இந்தக் கணக்குதான். போன் விளையாட்டு என்றாலே ஒரு ஆள், ஒரு திரை என்று மனதில் வைத்துத்தான் வரைகிறோம். நம் ஊரில் ஒரு போனைச் சுற்றி ஐந்து தலை இருக்கும்.

ஆப்

எல்லோரும் முதலில் சொல்வது ஆப்தான். அதற்கு மரியாதையும் அதிகம். "பிளே ஸ்டோர்ல இருக்கு" என்றால் தலைமையாசிரியர் முதல் வட்டாரக் கல்வி அலுவலர் வரை மகிழ்வார்கள்.

செலவு பெரிதல்ல. பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 டாலர். ஐபோனுக்கும் வேண்டுமென்றால் ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். பணத்தைவிட நாள் கணக்குதான் கனமானது. 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், ஆப்பைப் பொதுவில் விடுவதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையாளர்களாகச் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 இறுதியில் 12 ஆகக் குறைத்தார்கள். குப்பையான ஆப்கள் குவிவதைத் தடுக்க வைத்த விதி அது, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தருமபுரியில் தனியாக உட்கார்ந்து எழுதுகிற ஒருவர் 12 பேரைப் பிடித்து இரண்டு வாரம் விலகாமல் வைத்திருப்பது சொல்வதுபோல எளிதல்ல. அதோடு முடிவதுமில்லை. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்ப ஆப்பை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத ஆப் புதுப் போன்களின் கண்ணில் படாமலே போய்விடும். வருடத்தில் ஒரு நாள் சுற்றுலாவுக்குச் செய்த பொருளை வருடம் முழுவதும் பராமரிக்கும் கடமை வந்து சேரும்.

எனக்கு இதையெல்லாம் எடைபோடும் வேலையை டீச்சரே மிச்சப்படுத்தினார். "ஆப்னா இறக்கணும், இல்ல? எங்க யார் போன்லயும் இடம் இல்ல தம்பி. போட்டோவ அழிக்கச் சொன்னா அழிக்க மாட்டாங்க." அகழ்வைப்பகத்து வாசலில் 40 பிள்ளைகளை நிறுத்திவிட்டு எட்டு பெரியவர்கள் போனில் இடம் தேடுகிற காட்சியை நினைத்துப் பார்த்தேன்.

அதற்காக ஆப்பே கூடாது என்று சொல்லமாட்டேன். பிள்ளை தினமும் திரும்ப வருகிற விளையாட்டுக்கு ஆப்தான் சரி. மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளி என்று ஆடுபுலி ஆட்டத்தைப் போனுக்குக் கொண்டுவருவதானால் நான் ஆப்பாகத்தான் செய்வேன். அதைத் தாத்தாவோடு நூறு முறை ஆடுவார்கள், இடம் ஒதுக்குவதற்கு ஒரு காரணம் இருக்கும். புளூடூத்தில் இரண்டு போனை இணைப்பது, திரை அணைந்த பின்னும் இருப்பிடத்தைத் தொடர்வது போன்ற வேலைகளுக்கும் ஆப்பை விட்டால் நம்பகமான வழி இல்லை. நெட் இல்லாத ஊரில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கோப்பாக அனுப்பிவிடலாம் என்பதும் அதன் பலம். அப்போது போன் காட்டும் எச்சரிக்கையைப் பார்த்துப் பெரியவர்கள் பயப்படுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபில்டரும் வாட்ஸ்அப்பும்

முகத்தில் மீசையும் தலையில் கொண்டையும் வைத்துப் பிள்ளையை நடுகல் வீரனாக்கும் இன்ஸ்டாகிராம் ஃபில்டர் செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன் என்றால் அது நல்ல வழிதான், செலவே இல்லை. ஆனால் அதற்கான மெட்டா ஸ்பார்க் கருவியை 2025 ஜனவரி 14-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். மூடுவதாக அறிவித்தது 2024 ஆகஸ்ட் கடைசியில். வெளியார் செய்த ஃபில்டர்கள் அத்தனையும் அந்த நாளோடு போயின. உழைத்துச் செய்ததை இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் வைத்தால் அவர்கள் வீட்டை இடிக்கும்போது அதுவும் போகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு அந்தத் தளத்தில் கணக்கு வைக்கும் வயதும் வந்திருக்காது.

வாட்ஸ்அப் எல்லோரிடமும் உண்டு. குறிப்பை அனுப்பி விடையை வாங்கும் புதையல் வேட்டைக்கு அது போதும். கண்ணும் விரலும் செய்ய வேண்டியதை அங்கே தட்டச்சு செய்துவிடும் என்பதால் விட்டேன். சுற்றுலாவுக்கு முந்தைய நாள் இணைப்பை அனுப்ப மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிரவுசர்

ஆகவே பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம். க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டினால் திறக்கும், போனில் பெரிதாக இடம் கேட்காது. ஒரு பைசா செலவில்லாமல் வைக்க இடங்கள் உண்டு. கிட்ஹப் பேஜஸில் ஒரு தளம் 1 ஜி.பி. வரை இருக்கலாம். என் முழு விளையாட்டும் ஒலிகளோடு சேர்த்து 3 எம்.பி.க்குள் அடங்கியது. அந்த 3 எம்.பி.க்காக நான் நிறையவே சண்டை போட்டேன். விளையாட்டு செய்ய ஆயத்தமாகக் கிடைக்கும் கேம் எஞ்சின் எதையாவது எடுத்துப் பிரவுசருக்கு ஏற்றியிருந்தால் வெறும் எஞ்சினே அதைவிடப் பல மடங்கு வந்திருக்கும். படம் வருவதற்குள் பிள்ளை ஐஸ் வண்டிக்குப் போயிருக்கும். எஞ்சின் இல்லாமல், பிரவுசரிலேயே இருக்கும் கேன்வாஸ் என்ற வரைபரப்பில் நேரடியாக எழுதினேன்.

நெட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. பக்கத்தோடு 'சர்வீஸ் வொர்க்கர்' என்ற சிறு நிரலைச் சேர்த்தால், ஒரு முறை திறந்த பக்கத்தை அது போனிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். பள்ளியில் காலை எட்டு மணிக்கு எல்லாப் போனிலும் ஒரு முறை திறந்துவிட்டால் போதும், பிறகு நடுக்காட்டில் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். இது வேலை செய்ய முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்' என்ற பாதுகாப்பான வகையாக இருக்க வேண்டும், கேமரா, இருப்பிடம், சாய்வு அறிதல் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஐபோனில் ஒரு குறை: ஒரு தளத்தை ஏழு நாள் தொடாமல் சஃபாரியை வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்தத் தளம் சேமித்து வைத்ததை அது அழித்துவிடும். பிள்ளை எங்கே விட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டிய விளையாட்டானால் அது தொல்லை. எங்களுடையது பத்து நிமிடத்தில் முடிவது.

பிரவுசரில் இரண்டு விஷயம் என்னை நாள்கணக்கில் அலைக்கழித்தது. விரலைக் கீழ்நோக்கி இழுத்தால் பக்கம் புதிதாக ஏறத் தொடங்கிவிடும், அதுவரை செய்ததெல்லாம் போகும். பக்கத்தின் தோற்ற அமைப்பில் 'ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர்' என்ற ஒரு வரியை 'நன்' (none) என்று வைத்தால் நிற்கும். விளையாடும் பரப்புக்கு மட்டும் 'டச் ஆக்‌ஷன்' வரியையும் அப்படியே வைத்தால், இரண்டு விரல் பட்டதும் படம் பெரிதாகும் கோளாறும் நிற்கும். இரண்டாவது ஒலி. பிள்ளை ஒரு முறையாவது திரையைத் தொடாமல் பிரவுசர் ஒலி எழுப்பாது. அதனால் முதல் திரையில் ஒரு பறையை வரைந்து 'தட்டு' என்று மட்டும் எழுதினேன். தட்டியதும் பறை ஒலிக்கும், விளையாட்டுக்கு ஒலி அனுமதியும் கிடைத்துவிடும்.

விரலா, சாய்வா, கேமராவா

எந்த வடிவில் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, பிள்ளையின் உடம்பு என்ன செய்யப்போகிறது என்பது. நான்கு யோசனைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

கேமராவைக் கல்லின் மேல் காட்டினால் வீரன் எழுந்து வில்லை வளைப்பான் என்பதுதான் எல்லோருக்கும் பிடித்த யோசனை. கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. படத்தை அடையாளம் கண்டு அதன்மேல் உருவத்தை ஒட்டும் திறந்தமூல நிரல்கள் பிரவுசருக்கும் உண்டு. செய்து பார்த்தேன். அச்சிட்ட அட்டையின் மேல் அழகாக வந்தது. கல்லின் மேல் வரவில்லை. தேய்ந்த கல்லில் பிடித்துக்கொள்ள அழுத்தமான புள்ளிகள் குறைவு. காலையில் ஒரு நிழல், மதியம் ஒரு நிழல் என்று வெளிச்சம் மாறினால் நிரலுக்கு அது வேறு கல். கேமராக் காட்சியின் மேல் உருவத்தை ஒட்டும் ஆண்ட்ராய்டின் சொந்த ஏ.ஆர். வசதியோ சான்று பெற்ற மாடல்களில் மட்டும் இயங்கும், நம் எட்டுப் போனில் பாதி அந்தப் பட்டியலில் இல்லை. இவ்வளவும் சரியாகிவிட்டாலும் ஒன்று மிஞ்சும். போனைத் தூக்கிப் பிடிக்கிறவனுக்குத்தான் தெரியும். மற்ற நால்வர் அவன் முழங்கைக்குக் கீழே எட்டிப் பார்க்க வேண்டும். இதை நான் மனப்பூர்வமாகக் கைவிட்டேன்.

இரண்டாவது சாய்வு. தேய்ந்த எழுத்தை வாசிக்கிறவர்கள் கல்லுக்கு நேரே விளக்கைப் பிடிக்கமாட்டார்கள், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார்கள். சாய்ந்த ஒளியில் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும். திரையில் கல்லின் படம், போனைச் சாய்க்கும் பக்கம் ஒளி நகரும், எழுத்து தோன்றி மறையும். மிக அழகான விளையாட்டு அது, தனி ஆளுக்கு. விலை குறைந்த பல போன்களில் திரும்பலை அளக்கும் கைரோஸ்கோப் கிடையாது என்பதால், ஈர்ப்பு விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கணக்கிட்டேன், எல்லாப் போனிலும் ஓடியது. ஐபோனில் 2019-இல் வந்த ஐ.ஓ.எஸ். 13 முதல் இதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும், அதையும் பிள்ளை ஒரு பொத்தானைத் தொட்ட பின்தான் கேட்க முடியும். ஆனால் ஐந்து பேர் சூழ்ந்த போனைச் சாய்த்தால் மூன்று பேருக்குத் திரை மறையும்.

அப்போதுதான் அதைத் திரையில் செய்வானேன் என்று தோன்றியது. போனிலேயே டார்ச் இருக்கிறது, எதிரே உண்மையான கல் நிற்கிறது. விளையாட்டு "டார்ச்சைப் போடு, கல்லின் இடது பக்கத்தில் பிடி" என்று சொன்னால் போதும். ஒருத்தி டார்ச்சைப் பிடிக்க, மற்ற நால்வரும் எழுத்தைத் தேடுகிறார்கள். ஒரு வரி நிரல் தேவையில்லை. முழுத் திட்டத்திலும் பிள்ளைகள் அதிக நேரம் நின்றது இந்த இடத்தில்தான். நிழலான கூடத்துக்குள் இது நன்றாக நடக்கும். வெட்டவெளியில் நிற்கும் கல்லென்றால் காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ போங்கள், டார்ச்சின் வேலையை வெயிலே செய்யும். எங்கே போனாலும் அங்கிருப்பவர்களிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது ஜி.பி.எஸ். வேட்டை. 2016-இல் போக்கிமோன் கோ வந்த பிறகு இருப்பிட விளையாட்டு என்றால் எல்லோருக்கும் அந்த நினைப்புதான். திறந்த வானத்தின் கீழ் போன் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும், பாறைக்கும் சுவருக்கும் பக்கத்தில் இன்னும் தடுமாறும். ஒரே கூடத்தில் அடுத்தடுத்து நிற்கும் கற்களில் எது என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. "மாடுகளின் தலை வலப்பக்கம் பார்க்கும் கல் எது?" என்று கேட்டால் பிள்ளையின் கண் பிரித்துவிடும். வயல்களில் தனியே நிற்கும் கற்களுக்கு ஜி.பி.எஸ். பொருந்தும் என்று நினைக்கலாம். நான் வேண்டாம் என்பேன். காவல் இல்லாத பழங்கல்லின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடுவது திருடுகிறவனுக்கு வழிகாட்டுவது. வயல்காரரின் வரப்பில் தெரியாத ஆட்கள் நடப்பதும் நல்லதல்ல.

நான்காவதைத்தான் எடுத்தேன், மைப்படி. கல்வெட்டைப் படியெடுக்கிறவர்கள் கல்லை நீரால் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டுவார்கள். பிறகு மைப்பந்தை மேலே ஒற்றி எடுப்பார்கள். மேட்டில் மை பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது, கறுப்பு நடுவே எழுத்து வெள்ளையாக நிற்கும். பாதுகாக்கப்பட்ட கல்லில் பிள்ளைகளை இதைச் செய்ய விட முடியாது, விடவும் கூடாது. எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணாம்பும் மாவும் தேய்ப்பதே கல்லுக்குக் கேடு. திரையில் செய்யலாம்.

போனைத் தரையில் கிடத்த வேண்டும். திரை முழுவதும் வெள்ளைத் தாள். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து விரலால் ஒற்ற வேண்டும். ஒற்றிய இடத்தில் மை பரவும், எழுத்துப் பள்ளம் வந்தால் மட்டும் வெள்ளை நிற்கும். பல்லாங்குழிக்கு உட்காருவதுபோலத்தான். ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் அதிர வைத்தேன். எழுத்தின் விளிம்பைத் தொடுவதுபோல இருக்கும். ஐபோன் சஃபாரியில் இந்த அதிர்வு கிடையாது, அங்கே மெல்லிய 'டக்' ஒலியை வைத்தேன். பல போன்கள் ஐந்து விரலைச் சேர்ந்தாற்போல அறியும், மலிவான சில மாடல்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் இரண்டு விரலிலேயே விளையாட்டு நடக்கும்படி வைத்து, கூடுதல் விரல்களுக்கு வேகத்தை மட்டும் கூட்டினேன். கறுப்பு வெள்ளை என்பது நல்லதாகப் போயிற்று. வண்ணப் படங்களை விழுங்கிவிடும் பதினொரு மணி வெயிலிலும் இது தெரிந்தது.

இதில் ஒரு தவற்றைச் செய்தேன். முதல் முறை செய்தபோது நேரக் கணக்கு வைத்திருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லா எழுத்தையும் எழுப்பினால் மூன்று நட்சத்திரம். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். பெரியவன் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளங்கையால் திரை முழுவதும் தேய்த்தான். நட்சத்திரம் வந்தது, எந்த எழுத்தையும் யாரும் பார்க்கவில்லை. சின்னவள் எழுந்து போய்விட்டாள். அன்று இரவே கடிகாரத்தை எடுத்தேன், நட்சத்திரத்தையும் எடுத்தேன். அதற்குப் பதில் ஓர் எழுத்து முழுதாக வெளிவந்ததும் அதன் ஒலியை ஒரு குரல் சொல்லும், பக்கத்தில் இன்றைய எழுத்து வரும். மெதுவாக ஒற்றினால்தான் முழு எழுத்து வரும், தேய்த்தால் மை அப்பிக்கொள்ளும். மறுமுறை அந்தப் பெரியவனே "மெல்ல, மெல்லடா" என்று மற்றவர்களுக்குச் சொன்னான். புள்ளியும் நட்சத்திரமும் இல்லாமல் பிள்ளைகள் விளையாடமாட்டார்கள் என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். கையில் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருந்தால் விளையாடுவார்கள்.

தமிழ் எழுத்தை உடைக்காத கருவி

எதில் செய்தாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்துவிடுங்கள்: 'தொறு' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு அது இரண்டு எழுத்து. பிரவுசரின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 4 என்னும். த, ஒகரக் குறி, ற, உகரக் குறி என்று யூனிகோடு குறிகளை எண்ணுகிறது அது. எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டுச் சொல் விளையாட்டு செய்தால் கொம்பும் காலும் தனிக் கட்டத்தில் புள்ளி வட்டத்தோடு நிற்கும். 'இன்டல் செக்மென்டர்' என்ற வசதியைப் பயன்படுத்தினால் சரியாக இரண்டாகப் பிரிக்கும், இன்றைய குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் அது உண்டு. இன்னொரு பொறி: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், ஒப்பிட்டால் வேறு என்று சொல்லிவிடும். சரியாக விடை சொன்ன பிள்ளையிடம் 'தவறு' என்று காட்டும் கொடுமை அங்கிருந்துதான் வரும். ஒப்பிடும் முன் இரண்டையும் 'நார்மலைஸ்' செய்து ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கேம் எஞ்சின்களில் இது இன்னும் பெரிய சிக்கல். யூனிட்டி எஞ்சினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தானாகத் தமிழைக் கோத்துத் தராது, கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், தனியாக நிரல் சேர்க்க வேண்டும். 2023-இல் வந்த கோடோ 4 என்ற எஞ்சின் சரியாகக் கோக்கிறது, அதற்கு முந்தைய 3-இல் கோக்காது. கோடோ திறந்தமூலம், உரிமக் கட்டணம் கிடையாது. ஆப்பாகச் செய்வதென்று முடிவெடுத்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பிரவுசரில் இந்தத் தலைவலியே இல்லை. செய்தித்தாளைக் காட்டுகிற அதே கோர்வைதான் விளையாட்டுக்கும்.

குரலுக்குப் போனின் தானியங்கி வாசிப்பை நம்பவில்லை. போனுக்குப் போன் மாறும், சிலவற்றில் தமிழ்க் குரலே இருக்காது. டீச்சர் குரலையே பதிவு செய்தோம்.

சின்ன முடிவுகள்

க்யூ.ஆர். கட்டத்தைக் கல்லிலோ பீடத்திலோ ஒட்டவே கூடாது. அட்டையில் அச்சிட்டு டீச்சர் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு மீட்டரிலிருந்து எடுக்க 10 செ.மீ. அகலம் இருந்தால் நல்லது. பளபளப்பான லேமினேஷன் வெயிலில் கண்ணாடியாகிவிடும், மங்கலான தாள் போதும். முகவரி எவ்வளவு குட்டியோ கட்டங்கள் அவ்வளவு பெரிதாக வரும், பழைய கேமராவும் பிடித்துக்கொள்ளும்.

பிள்ளைகளின் பெயர், படம், பள்ளி எதையும் நான் வாங்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்தை எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்துக்காக மட்டுமல்ல, இந்த விளையாட்டுக்கு எந்த விவரமும் தேவைப்படவில்லை. யார் எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்று எண்ணும் நிரலைக்கூடச் சேர்க்கவில்லை. கூட நின்று பார்த்தேன்.

பொத்தான்களின் அளவுக்கு ஆண்ட்ராய்டு சொல்வது 48 அலகு. 160 அலகு ஓர் அங்குலம் என்பதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்குலம். நான் அதை இரட்டிப்பாக்கினேன். தரையில் கிடக்கும் போனை ஐந்து திசையிலிருந்து தொடும்போது விரல் நேராக விழாது. அதே காரணத்துக்காகத் திரையில் வாக்கியங்களையும் கிட்டத்தட்ட எடுத்துவிட்டேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு எழுத்து தலைகீழாகத்தான் தெரியும், குரல் எல்லாப் பக்கமும் நேராகக் கேட்கும்.

உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். கல்லூரி மாணவர்கள், ஆளுக்கொரு நல்ல போன், மாதம் முழுவதும் தொடரும் விளையாட்டு என்றால் நான் கைவிட்ட சாய்வும் ஆப்பும் உங்களுக்குச் சரியாக வரும். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி போன்ற கூட்டத்துக்குச் செய்வதானால் பிரவுசர்தான், அதிலும் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் அதிர்வையும் படத்தையும் நம்புங்கள். முடிவெடுக்கத் தடுமாறினால் முதலில் பிரவுசரில் செய்யுங்கள். நன்றாக அமைந்தால் அதே பக்கத்தை உறையிட்டுப் பிளே ஸ்டோருக்கு ஏற்றும் வழி உண்டு. ஆப்பிலிருந்து பிரவுசருக்கு வருவது பெரும்பாலும் புதிதாக எழுதுவதுதான்.

சுற்றுலா நாளில் எட்டுப் போனில் ஏழு ஓடின. எட்டாவதில் பழைய பிரவுசர், அந்த ஐந்து பேரும் டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லைச் சுற்றி வந்தார்கள். ஒரு கூட்டம் மைப்படியில் 'பட்டான்' என்ற சொல்லை எழுப்பிவிட்டு, அதே வளைவுகளைக் கல்லில் தேடிக் கண்டுபிடித்தது. கிளம்பும்போது டீச்சர் ஒன்று கேட்டார். "எங்க வகுப்புல ரெண்டு பிள்ளைங்க வீட்ல கன்னடம் பேசுறவங்க, நாலு பேர் தெலுங்கு. அந்தக் குரலும் போட முடியுமா தம்பி? அவங்க பாட்டிங்க கிட்டயே சொல்லச் சொல்லிப் பதிஞ்சுக்கலாம்." ஒரு குரலுக்கு 200 கே.பி. ஆகும், இன்னும் இரண்டு சேர்த்தாலும் 3 எம்.பி.யைத் தாண்டாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்யப் போகிறோம்.